கல்யாண சிடியைக் காப்பாற்ற: வீட்டுக் கணினியில் டிஸ்க் காப்பி எடுக்கவும் ரைட் செய்யவும் முழுமையான வழிகாட்டி

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, எந்தப் பக்கம் போய் பீரோவைத் திறந்தாலும் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதற்குள் நாலைந்து டிஸ்க். மூத்த பெண்ணின் ரிசப்ஷன், அடுத்த நாள் முகூர்த்தம், பையனின் காதுகுத்து, தங்கச்சியின் மஞ்சள் நீராட்டு. சில வீடுகளில் வியாசர்பாடி மைதானத்தில் அண்ணன் ஆடிய ஃபுட்பால் மேட்ச், தெருவில் நடந்த கானா கச்சேரி. போட்டுப் பார்க்க இன்று பிளேயர் கிடையாது. லேப்டாப்பில் டிரைவே வருவதில்லை.

சினிமா டிஸ்க் கெட்டால் பரவாயில்லை, அந்தப் படம் வேறு எங்காவது கிடைத்துவிடும். போன வருடம் தவறிப்போன தாத்தா பந்தியில் நின்று “இந்தப் பக்கம் சாம்பார் கொண்டாப்பா” என்று குரல் கொடுப்பது அந்த ஒரே டிஸ்கில்தான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியை வீட்டு டிஸ்குகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்கிலிருந்து நேராக இன்னொரு டிஸ்குக்குக் காப்பி போடாதீர்கள். முதலில் டிஸ்கை அப்படியே, ஒரு பிட் மாறாமல், இமேஜ் ஃபைலாகக் கணினிக்குள் இறக்குங்கள். அந்த இமேஜ்தான் இனி உங்கள் மூலப்பிரதி. எம்பி4 ஆக்குவது, புது டிஸ்க் ரைட் செய்வது, மாமாவுக்கு ஒரு காப்பி கொடுப்பது எல்லாம் அதிலிருந்துதான். பழைய டிஸ்கை ஒவ்வொரு முறை கையில் எடுத்து டிரைவில் போடும்போதும் கீறல் விழ வாய்ப்பு உண்டு. ஒரே முறை உருப்படியாகப் படித்துவிட்டால் அப்புறம் அதைத் தொடவே வேண்டாம்.

சினிமா டிஸ்க் பற்றி

கடையில் வாங்கிய படங்களின் டிவிடியில் பெரும்பாலும் சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கும். பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைப்பது, 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவில் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. திருட்டு வீடியோ தொழில் செய்பவர்களைக் குண்டர் சட்டத்துக்குள் தமிழ்நாடு 2004லேயே கொண்டுவந்துவிட்டது. எனவே பூட்டு உடைக்கும் வழி இங்கே இல்லை. ஸ்டுடியோக்காரர் கொடுத்த கல்யாண டிஸ்கில் எந்தப் பூட்டும் இருக்காது, கீழே சொல்வதெல்லாம் அதற்கு அப்படியே பொருந்தும்.

கையில் இருப்பது என்ன டிஸ்க்?

எல்லாவற்றையும் நாம் சிடி என்றுதான் சொல்வோம். காப்பி எடுக்கும்போது மட்டும் எது விசிடி, எது டிவிடி என்று தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் இரண்டையும் படிக்கும் முறை வேறு.

டிஸ்கை டிரைவில் போட்டு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ‘எம்பெக்ஏவி’ என்ற ஃபோல்டரும் அதற்குள் ‘டாட்’ (DAT) என்று முடியும் ஃபைல்களும் இருந்தால் விசிடி. ஒரு டிஸ்கில் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால் மணி நேரம் இருக்கும். படம் 352க்கு 288 பிக்சல், அவ்வளவுதான். ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டருக்குள் ‘விஓபி’, ‘ஐஎஃப்ஓ’, ‘பியுபி’ என்று முடியும் ஃபைல்கள் இருந்தால் டிவிடி. இதில் படம் 720க்கு 576. கூடவே ‘ஆடியோ டிஎஸ்’ என்று ஒரு காலி ஃபோல்டர் இருக்கும். அது காலியாக இருப்பதுதான் முறை, எதுவும் அழிந்துபோகவில்லை.

டிஸ்க் வெறுமையாகத் தெரிகிறது, ஆனால் அடிப்பக்கத்தில் எழுதிய வளையம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், அது ஃபைனலைஸ் செய்யாத, அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்துவைக்காத டிஸ்காக இருக்கலாம். டிவிடி கேம்கார்டரின் சின்ன 8 செ.மீ. டிஸ்கிலும், டிவிடி ரெக்கார்டரில் பதிவு செய்ததிலும் இது அடிக்கடி வரும். எந்தக் கருவியில் பதிவானதோ அதே கருவியில் போட்டு மெனுவில் ஃபைனலைஸ் கொடுத்தால் சரியாகிவிடும். கருவி இல்லையென்றால் ஐஸோபஸ்டர் என்ற மென்பொருளால் உள்ளே இருப்பதை எடுக்க முடியும். அதன் முழு வசதிக்குக் காசு கட்ட வேண்டும்.

துடைப்பதற்கு முன்

டிஸ்கை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, லேபிள் பக்கத்திலிருந்து பாருங்கள். ஊசி குத்தியது போல் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அந்த இடத்தில் வெள்ளிப்பூச்சு உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். விளிம்பைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கறை ஏறியிருந்தால் பூச்சு அரிக்கத் தொடங்கிவிட்டது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி இருக்கும் வீடுகளில் காற்றின் ஈரமும் உப்பும் இந்த வேலையைச் சீக்கிரம் செய்துவிடும். இப்படி இருக்கும் டிஸ்கை முதல் ஆளாகக் காப்பி எடுங்கள்.

சிடியில் அடிப்பக்கத்தைவிட லேபிள் பக்கம்தான் ஆபத்தானது. தகவலும் வெள்ளிப்பூச்சும் லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய வார்னிஷுக்கு அடியில் இருக்கின்றன. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ‘ரிசப்ஷன்’ என்று எழுதினாலே சேதம். டிவிடி இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது, தகவல் நடுவில் இருப்பதால் மேல் பக்கம் கொஞ்சம் தாங்கும். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் எதிலும் உரிக்காதீர்கள், பூச்சும் சேர்ந்து வந்துவிடும்.

அடிப்பக்கம் அழுக்காக இருந்தால் மிருதுவான பருத்தித் துணியை லேசாக ஈரமாக்கி, நடுத்துளையிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. குறுக்கே விழும் சின்னக் கீறலை டிரைவின் பிழைதிருத்தம் தாண்டிவிடும். தடத்தோடு சேர்ந்து வளைந்து ஓடும் கீறலில் தொடர்ச்சியாகத் தகவல் போவதால் அதைத் தாண்ட முடியாது.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்கைக் குப்பையில் போடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர், திருவொற்றியூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து ஒரு அக்கா கொண்டுவந்த டிஸ்குகள் கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தன. குழாயை மெதுவாகத் திறந்து முதலில் மண்ணைக் கழுவவிட்டேன், கை வைத்துத் தேய்க்கவில்லை, தேய்த்தால் மணல் கீறிவிடும். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் நடுவிலிருந்து வெளியே வழித்து, கடைசியாகக் கேன் தண்ணீரில் அலசி நிழலில் நிறுத்திவைத்துக் காயவைத்தோம். முகூர்த்த டிஸ்க் முழுதாகப் படித்தது. ஈரம் துளியும் இல்லை என்று உறுதியாகத் தெரியும்வரை டிரைவில் போட வேண்டாம்.

டிரைவ்

லேப்டாப்பில் டிரைவ் இல்லாதவர்கள் யூஎஸ்பி டிவிடி ரைட்டர் வாங்கிக்கொள்ளலாம். பர்மா பஜாரிலும் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கிடைக்கும். வடசென்னையிலிருந்து மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தே போய்விடலாம். வாங்கும்போது ஒரு பழைய டிஸ்கைக் கையோடு எடுத்துப்போய்க் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

இந்த மெல்லிய டிரைவுகள் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுப்பவை. ஹப்பில் செருகாமல் லேப்டாப்பின் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். பாதியில் நின்றுபோவதற்கும் டிஸ்க் தெரியாமல் போவதற்கும் பாதி நேரம் மின்சாரம் போதாமைதான் காரணம். பழைய டெஸ்க்டாப் யாரிடமாவது இருந்தால் அதிலுள்ள பெரிய டிரைவை அலட்சியமாக நினைக்காதீர்கள். புது டிரைவ் கைவிட்ட டிஸ்கை அது படித்துவிடுவது உண்டு.

இமேஜ் எடுப்பது

விண்டோஸில் இதற்கு இம்க்பர்ன் (ImgBurn) என்ற மென்பொருள் போதும். இலவசம். கடைசிப் பதிப்பு 2013ல் வந்தது, ஆனால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வேலை செய்கிறது. இறக்கும் தளத்தைப் பொறுத்து இன்ஸ்டாலருடன் வேண்டாத மென்பொருளும் ஒட்டிக்கொண்டு வரும், அதனால் ஒவ்வொரு திரையையும் படித்துவிட்டு ‘நெக்ஸ்ட்’ அழுத்துங்கள்.

திறந்ததும் ‘கிரியேட் இமேஜ் ஃபைல் ஃப்ரம் டிஸ்க்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எந்த டிரைவ், ஃபைல் எங்கே சேமிக்கப்பட வேண்டும் என்று கேட்கும். ஃபைலுக்கு அப்போதே முழுப் பெயர் வையுங்கள். ‘டிஸ்க்1’ என்று வைத்தால் அடுத்த மாதமே குழப்பம். ‘2006 அக்கா கல்யாணம் ரிசப்ஷன் பாகம் 1’ என்பது போல வருடத்தை முன்னால் போட்டால் ஃபோல்டரில் வரிசையாகவும் நிற்கும்.

வேகத்தைப் பெருமத்தில் விடாதீர்கள். பழைய டிஸ்குக்கு 4எக்ஸ் அல்லது அதற்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. நல்ல நிலையில் உள்ள டிவிடி எனில் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். டிவிடிக்கு ‘ஐஎஸ்ஓ’ என்று ஒரே ஃபைல் கிடைக்கும். விசிடிக்கு ‘பின்’ (BIN), ‘க்யூ’ (CUE) என்று இரண்டு ஃபைல்கள் வரும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்தே வைத்திருங்கள். ‘பின்’ஐ வைத்துக்கொண்டு சின்னதாக இருக்கும் ‘க்யூ’வைத் தேவையில்லை என்று அழித்தவர்கள் பிறகு ரைட் செய்ய முடியாமல் திண்டாடுவார்கள்.

முடிந்ததும் இமேஜை விஎல்சி என்ற வீடியோ பிளேயர் மென்பொருளில் திறந்து ஆரம்பம், நடு, கடைசி மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். கடைசிப் பகுதியைக் கட்டாயம் பாருங்கள். எழுத்து நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போவதால், நிரம்பிய டிஸ்கில் கடைசிக் காட்சிகள் விளிம்பில்தான் இருக்கும். கைபட்டு முதலில் கெடுவதும் விளிம்புதான்.

லினக்ஸில் பிரேஸரோ, கே3பி இதே வேலையைச் செய்யும். மேக்கில் டிவிடிக்கு டிஸ்க் யூடிலிட்டி போதும்.

டிஸ்க் படிக்க மறுத்தால்

டிரைவ் கர்கர் என்று சத்தம் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கிறது, எண் நகரவில்லை. பதற வேண்டாம். நிறுத்திவிட்டு மறுபடியும் துடைத்து, வேகத்தை இன்னும் குறைத்துப் பாருங்கள். அப்புறம் வேறு டிரைவ். லேசரின் வலுவும் பிழைதிருத்தும் திறனும் டிரைவுக்கு டிரைவ் வேறுபடும் என்பதால் இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை, உண்மையிலேயே பலன் தரும்.

அதற்கும் மசியாத டிவிடிக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு கருவி உண்டு. உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ பென்டிரைவில் ஏற்றி, கணினியில் இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிக்கொள்ளலாம். சாதாரண மென்பொருள் கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ அதைக் குறித்துவைத்துக்கொண்டு தாண்டிப் போய், நல்ல பகுதி முழுவதையும் முதலில் எடுத்துவிடும். பிறகு திரும்பிவந்து விட்ட இடங்களை மட்டும் கிள்ளிக் கிள்ளி எடுக்கும். ஓட்டும்போது செக்டர் (டிஸ்கில் தகவல் பதிவாகும் ஒரு துண்டு) அளவை 2048 என்று கொடுக்க வேண்டும், மேப் ஃபைலின் பெயரையும் கொடுக்க வேண்டும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற கணக்கு அந்த மேப் ஃபைலில்தான் இருக்கிறது. இன்று ஒரு டிரைவில் பாதி எடுத்துவிட்டு, நாளை நண்பனின் டிரைவில் அதே மேப் ஃபைலோடு மீதியைத் தொடரலாம்.

இதில் இன்னொரு வழியும் இருக்கிறது. கல்யாண வீடியோ ஒரு வீட்டோடு நிற்பதில்லை. பெண் வீட்டுக்கு ஒரு செட், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு செட் போயிருக்கும். ஸ்டுடியோவில் ஒரே மூலத்திலிருந்து ரைட் செய்திருந்தால் இரண்டிலும் தகவல் ஒன்றுதான், ஆனால் கீறல்கள் வேறு வேறு இடத்தில். உங்கள் டிஸ்கில் தாலி கட்டும் இடம் போயிருந்தால், சம்பந்தி வீட்டு டிஸ்கைக் கேட்டு வாங்கி, அதே மேப் ஃபைலோடு ஓட்டினால் ஓட்டை மட்டும் அடைபடும். முதலில் இரண்டு டிஸ்கின் மொத்த அளவும் பைட் வரை ஒன்றா என்று பாருங்கள். வேறுபட்டால் கலக்காதீர்கள், தனித்தனி இமேஜாக எடுத்து எது நல்லதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

விசிடிக்கு டிடிரெஸ்க்யூ உதவாது. அதில் வீடியோ பதிவாகும் செக்டர் அமைப்பே வேறு. அதிக நேரம் பிடிக்க வேண்டும் என்பதற்காகக் கூடுதல் பிழைதிருத்தத்தை அதில் விட்டுவிட்டார்கள். அதனால்தான் அதே கீறலில் ஒரு சாதாரண டேட்டா சிடி பிழைத்துக்கொள்ளும், விசிடியில் படம் கட்டம் கட்டமாக உடையும். இம்க்பர்னில் படிப்புப் பிழைகளைப் புறக்கணிக்கும் வசதியை இயக்கி எடுங்கள். உடைந்த இடத்தில் ஓரிரு வினாடி சிதறினாலும் மீதி முழுவதும் கையில் இருக்கும்.

டிவியிலும் போனிலும் பார்க்க எம்பி4

வீடியோவை எம்பி4 ஆக்கும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ‘ஐஎஸ்ஓ’ ஃபைலைத் திறங்கள். தலைப்புகளில் நீளமானதுதான் பொதுவாக முழு வீடியோ. ‘ஃபாஸ்ட் 576பி25’ என்ற ப்ரீசெட் நம் ஊர் டிவியின் ‘பால்’ (PAL) முறைக்குச் சரியாக இருக்கும். தரத்துக்கான ஆர்எஃப் எண்ணை 20ல் வையுங்கள். எண் குறையக் குறையத் தரமும் ஃபைல் அளவும் கூடும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரரின் கேமரா பெரும்பாலும் இன்டர்லேஸ் முறையில், அதாவது ஒன்றுவிட்ட ஒன்று வரிகளாகப் படத்தை இரண்டு பாதியாகப் பிரித்து எடுத்திருக்கும். அப்படியே விட்டால், நாத்தனார் ஆரத்தித் தட்டைச் சுற்றும்போது கை ஓரமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரியும். ஃபில்டர் பக்கத்தில் டிஇன்டர்லேஸை இயக்கி ‘பாப்’ (Bob) வகையைத் தேர்ந்தெடுத்தால் கோடும் போகும், அசைவும் வழுக்கிக்கொண்டு போகும்.

விசிடி படத்தைப் பெரிதாக்கி எச்டி ஆக்க முயல வேண்டாம். இல்லாத விவரம் வராது, ஃபைல்தான் வீங்கும். ‘டாட்’ ஃபைலை விஎல்சி அப்படியே ஓட்டும்.

உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும். யூடியூபில் போட்டால் ஸ்டுடியோக்காரர் பின்னணியில் சேர்த்த சினிமாப் பாட்டுக்கு உரிமைக் கோரிக்கை வந்து ஒலியை நிறுத்திவிடலாம்.

புது டிஸ்க் ரைட் செய்ய

பாட்டி வீட்டில் இன்னும் டிவிடி பிளேயர் ஓடுகிறது என்றால் ஒரு புது டிஸ்க் போட்டுக் கொடுப்பது மரியாதை. பழைய பிளேயருக்கு டிவிடி மைனஸ் ஆர் வாங்குங்கள், அதுதான் பரவலாகப் படிக்கும். உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், விண்டோஸ் 4.38 என்று காட்டும். எண்ணும் முறைதான் வேறு, கடைக்காரர் ஏமாற்றவில்லை.

இம்க்பர்னில் ‘ரைட் இமேஜ் ஃபைல் டு டிஸ்க்’ கொடுத்து ‘ஐஎஸ்ஓ’வைக் காட்டுங்கள். விசிடி எனில் வெற்று சிடியைப் போட்டு ‘க்யூ’ ஃபைலைக் காட்ட வேண்டும். 16எக்ஸ் டிவிடியை 8எக்ஸில் எழுதுவது நல்லது. ‘வெரிஃபை’ கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். எழுதியதைத் திரும்பப் படித்து இமேஜோடு ஒப்பிடும். இரண்டு மடங்கு நேரம் ஆகும், ஆனாலும் இதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ரைட் ஆகும்போது கரண்ட் போனால் டிஸ்க் வீண், ஆகவே லேப்டாப்பில் செய்யுங்கள், இல்லையென்றால் யூபிஎஸ் இருக்கட்டும்.

போனில் எடுத்த புது வீடியோவை டிவிடியாக்க வேண்டுமென்றால் எம்பி4ஐ அப்படியே டிஸ்கில் போட்டால் பழைய பிளேயர் எடுக்காது. டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளில் ‘பால்’ முறையைத் தேர்ந்து, வீடியோவை இழுத்துவிட்டு, ‘ஐஎஸ்ஓ’ ஆக்கி, பிறகு மேலே சொன்னபடி ரைட் செய்யுங்கள். ஒரு டிஸ்குக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் திணித்தால் படம் மங்கும்.

எங்கே வைப்பது

இமேஜ் ஃபைல் கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, மூன்றாவது வேறு ஏரியாவில் இருக்கும் உறவினர் வீட்டில். நம் பக்கம் தரைத்தள வீடுகளில் தண்ணீர் ஏறும்போது ஒரே வீட்டிலுள்ள இரண்டும் சேர்ந்தே நனையும், அதனால் மூன்றாவதை வெளியே வைக்கத்தான் வேண்டும். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் வேறு எதுவும் இல்லையென்றால் மூன்று டிவிடியின் இமேஜ் அடங்கும்.

டிஸ்குகளைத் தனித்தனிக் கெட்டிப் பெட்டியில், நிறுத்திவைத்த நிலையில், ஷீட் கூரையின் வெக்கை படாத அலமாரியில் வையுங்கள். கூடவே சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். பெயர் எழுத டிஸ்குக்கென்று விற்கும் மார்க்கரை வாங்கி, நடுத்துளையைச் சுற்றியிருக்கும் கண்ணாடி போன்ற வளையத்தில் எழுதுங்கள், அங்கே தகவல் எதுவும் கிடையாது.